மனைக்குள் பெய்யும் மழை: வரத்து, வாட்டம், கலிங்கு

வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்குகிறது என்றால் நாம் முதலில் கூப்பிடுவது கொத்தனாரை. அவர் வெயில் நாளில் வந்து, காய்ந்து கிடக்கும் தரையைப் பார்த்து, ஒரு குழாய் போட்டுவிட்டுப் போகிறார். அடுத்த மழையில் தண்ணீர் பழைய இடத்திலேயே நிற்கிறது. கொத்தனார் மேல் குறை சொல்வதற்கில்லை. மழை பெய்யும்போது அந்த மனையில் என்ன நடக்கிறது என்பதை அவருக்கு யாரும் காட்டவில்லை.

ஆகவே செலவில்லாத வேலை ஒன்றை முதலில் செய்யுங்கள். அடுத்த நல்ல மழையில் குடையோடு இறங்கி வீட்டை ஒரு சுற்று வாருங்கள். மொட்டை மாடிக் குழாய்கள் எங்கே கொட்டுகின்றன, சன்ஷேடு விளிம்பிலிருந்து விழும் நீர் எந்தச் சுவரடியைக் குடைகிறது, தெருவிலிருந்தோ பக்கத்து மனையிலிருந்தோ ஏதாவது உள்ளே வருகிறதா என்று பாருங்கள். நீர் முதலில் தேங்கும் இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். மழை விட்டு அரை மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள், மறுநாள் காலையில் மறுபடியும். காலையிலும் ஈரம் மின்னும் குட்டை எதுவோ அதுதான் மனையின் உண்மையான பள்ளம். ஒரு தாளில் மனையை வரைந்து நீர் ஓடும் திசைகளை அம்புக்குறிகளால் காட்டுங்கள். கைபேசியில் எடுத்த காணொளியும் இருந்தால் கொத்தனாரிடம் பேசப் பாதி வேலை முடிந்தது.

அளவையும் கையோடு போட்டுவிடலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்வது நம் கடலோரத்தில் அதிசயமில்லை. அன்று அந்த மனையில் விழுவது 22,000 லிட்டருக்கு மேல், ஏறக்குறைய இரண்டு தண்ணீர் லாரி. இதை ஒரு இரண்டு அங்குலக் குழாயிடம் ஒப்படைக்க நினைப்பது எவ்வளவு தவறு என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

ஏரி வெட்டிய நம் முன்னோர் மூன்று விஷயங்களைப் பார்த்தார்கள். வரத்து எங்கிருந்து, எவ்வளவு தேங்கலாம், மிஞ்சியது கரையை உடைக்காமல் எந்தக் கலிங்கு வழியாகப் போகும். வீட்டு மனையும் ஒரு சின்ன ஏரிதான். பெரும்பாலான வீடுகளில் வரத்தைப் பற்றி யோசிக்கிறார்கள், 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு தேக்கத்தைப் பற்றியும் ஓரளவு யோசிக்கிறார்கள். கலிங்கைத்தான் மறந்துவிடுகிறார்கள். பெருமழையில் வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்குப் பல நேரம் இந்த மறதியே காரணம்.

மாடியிலிருந்து வரும் நீர்

மனையில் பாதிக்கு மேல் கட்டடம் என்றால் வரத்தில் பாதிக்கு மேல் மாடியிலிருந்துதான். மணிக்கு 100 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் கொட்டும் மழையைத் தாங்க, சுமார் 400 சதுர அடி மாடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் வேண்டும். ஆயிரம் சதுர அடி மாடிக்கு இரண்டு போதாது, மூன்று வைத்தால் நிம்மதி. நிறைய வீடுகளில் இரண்டரை அங்குலக் குழாய் ஒன்றிரண்டு மட்டும் இருக்கும். மாடியில் கணுக்கால் அளவு நீர் நின்று, சுவர் வழியாகக் கசிந்து, கூரையில் படம் போடும். ‘ஒழுகுகிறது’ என்று தட்டோட்டைப் பெயர்த்து மறுபடி போடுவதற்கு முன், குழாயின் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

குழாயின் வாயில் தட்டையான ஜாலி வைத்தால் நாலு வேப்பிலைச் சருகும் ஒரு பிளாஸ்டிக் பையும் போதும், அடைத்துக்கொள்ளும். குமிழ் போல மேலெழுந்த ஜாலி வாங்கிப் பொருத்துங்கள். அடியில் சருகு சேர்ந்தாலும் மேல் பாதி வழியாக நீர் இறங்கும். முருங்கை மரம் மாடிக்கு மேல் வளர்ந்திருந்தால் அதன் பொடி இலைகள் எந்த ஜாலியையும் தாண்டிவிடும், ஆகவே கிளையைக் கழிப்பதே வழி.

குழாய் கீழே இறங்கும் இடம் இன்னும் முக்கியம். சுவரடியில் முழங்கை வளைவோடு முடித்துவிட்டால் அங்கே மண் அரித்துக் குழியாகும், அந்தக் குழி நேராக அஸ்திவாரத்துக்கு நீர் ஊட்டும். ஒவ்வொரு குழாயையும் ஒரு சிறு சேம்பரில் இறக்குங்கள். ஒன்றரை அடிச் சதுரம், வெளியேறும் குழாய்க்குக் கீழே அரை அடி ஆழம் கூடுதலாக. மண்ணும் சருகும் அந்த அரை அடியில் தங்கிவிடும், தெளிந்த நீர் மட்டும் அடுத்த குழாயில் போகும். மூடி ஒரு ஆள் தூக்கும் எடையில் இருக்கட்டும். தூக்க முடியாத மூடியை யாரும் திறந்து சுத்தம் செய்ய மாட்டார்கள்.

வாட்டம்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அது வாட்டமாக இருக்கட்டும். குழாய் அடைக்கும், மோட்டார் நிற்கும், தொட்டி நிரம்பும். தரையின் சரிவு மட்டும் மின்சாரமும் பராமரிப்பும் கேட்காமல் வேலை செய்துகொண்டே இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் நான்கு புறக் கூரையும் ஒரே முற்றத்தில் கொட்டும். அந்த நீரை அறைகளுக்குள் விடாமல் வைத்திருப்பது சுற்றியுள்ள தாழ்வாரத்தின் உயரமும் முற்றத்துத் தரையின் சரிவும்தான்.

சுவரிலிருந்து வெளிப்புறமாகத் தரை இறங்க வேண்டும். மண் தரையானால் பத்து அடிக்கு அரை அடி இறக்கம் நல்லது. நம் ஊர் மனைகளில் பக்கவாட்டுச் சந்தே மூன்றடிதான் இருக்கும். அங்கே சுவரடிக்கும் காம்பவுண்டுக்கும் இடையில் ஒன்றரை முதல் 2 அங்குலம் இறக்கம் கொடுங்கள். இது குறுக்கு வாட்டம். காம்பவுண்டு ஓரமாகச் சேர்ந்த நீர் முன்பக்கமோ பின்பக்கமோ ஓட நீளவாட்டமும் வேண்டும். சிமென்ட் தரைக்கு நூறுக்கு ஒன்று என்பது குறைந்தபட்சம். 40 அடி நீளச் சந்தானால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஏறத்தாழ 5 அங்குல வித்தியாசம். பேவர் பிளாக், சொரசொரப்பான கல் தரைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதைக் கண்ணால் அளக்க முடியாது. அனுபவமுள்ள மேஸ்திரியின் கண்ணும் நீண்ட சந்தில் ஏமாறும். ரசமட்டம் குறுகிய தூரத்துக்குத்தான் உதவும். லெவல் டியூப்பில் பாருங்கள், விலை அற்பம். நீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் டியூப்பின் இரு முனைகளையும் சந்தின் இரு கோடிகளில் உயர்த்திப் பிடித்தால் இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்தைச் சுவரில் இரு இடத்திலும் கோடு போட்டு, கோட்டிலிருந்து தரை வரை அளந்தால் வித்தியாசம் வந்துவிடும். டியூப்புக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் அளவு பொய்யாகும், அதை மட்டும் கவனியுங்கள். தரை போடும் முன் ஒரு தடவை, கலவை காயும் முன் ஒரு தடவை என்று உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே போட்ட தரை வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால் என்ன செய்வது? முழுவதையும் உடைக்கத் தேவையில்லை. சுவரை ஒட்டி இரண்டு அடி அகலத்துக்கு மட்டும் மேலே கலவை போட்டு வெளிப்பக்கம் சரித்துவிடுங்கள். பழைய தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்கிய பிறகே போட வேண்டும், இல்லையென்றால் ஒரே வருடத்தில் பெயர்ந்துவிடும். அந்தச் சரிவு முடியும் இடத்தில் அரை அடி அகல வாய்க்கால் ஒன்றை வெட்டி முன்பக்கம் கொண்டுபோகலாம்.

சுவரடியில் மண் நிரப்பிப் பூச்செடி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மண் பேஸ்மட்டத்துக்கு மேல் ஏறினால் ஈரம் நேராகச் செங்கல்லுக்குப் போகும். உள் சுவரில் உப்புப் பூத்து, பெயின்ட் உரிந்து, ஓதம் காத்துக்கொண்டே இருக்கும். எத்தனை முறை பட்டி பார்த்தாலும் அது நிற்காது. வெளியே மண்ணை இறக்கினால் நின்றுவிடும். மனையை உயர்த்தச் சவுடு மண் கொட்டும்போதும் இதே எச்சரிக்கை: வீட்டைச் சுற்றி எல்லா இடமும் உயர்ந்து, வீடு மட்டும் கிண்ணத்தின் நடுவில் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

முழு மனைக்கும் சிமென்ட் போட்டுவிடும் ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேறில்லை, களையில்லை, பெருக்கச் சுலபம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் செடியும் மண்ணும் உள்ள தரை ஒரு சாதாரண மழையின் பெரும்பகுதியைத் தானே குடித்துவிடும். சிமென்ட் தரை ஏறக்குறைய முழுவதையும் ஓட விட்டுவிடும். நடக்கும் பாதைக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் தளம் போடுங்கள். மீதி மண்ணாகவே இருக்கட்டும். இது என் உறுதியான கருத்து, இதில் சமரசம் செய்யச் சொல்ல மாட்டேன்.

மண் எவ்வளவு குடிக்கும்

உறிஞ்சு குழி வெட்டுவதற்கு முன் மண்ணைக் கேளுங்கள். ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அளவு வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மண் நன்றாகக் குடிக்கிறது. அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் களிமண். அங்கே ஆழமில்லாத குழி வெட்டினால் அது கொசு வளர்க்கும் தொட்டியாகத்தான் இருக்கும்.

சென்னைக்குள்ளேயே இது இடத்துக்கு இடம் மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் கடற்கரை மணல், ஊற்றிய நீர் கண்முன்னே மறையும். அண்ணா நகர்ப் பக்கம் களி. கிண்டி, வேளச்சேரியில் சில அடிக்குள் பாறை தட்டும். களிக்குக் கீழே மணல் இருக்கும் இடத்தில் அந்த மணலைத் தொடும்வரை உறை இறக்கினால் பலன் கிடைக்கும். பாறை மேலாக இருந்தால் உள்ளே விட்ட நீர் பாறை முதுகில் வழிந்து பக்கத்து வீட்டுக் கடைக்காலுக்குப் போகும். அங்கே நீரைத் தொட்டியில் பிடித்து வைப்பது மேல். கோவில்பட்டி, விருதுநகர் போன்ற கரிசல் பகுதிகளில் இன்னும் கவனம் வேண்டும். கரிசல் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும், அந்த அசைவில் சுவர் விரிசல் விடும். வீட்டைச் சுற்றியுள்ள மண் ஒரே மாதிரி ஈரத்தில் இருப்பதுதான் அங்கே பாதுகாப்பு. உறிஞ்சு குழியை மனையின் கடைக்கோடிக்குத் தள்ளுங்கள்.

2003இல் அவசர அவசரமாக வெட்டிய பல குழிகள் ஜல்லியும் மணலும் நிரப்பியவை. ஜல்லி நிரப்பினால் நீர் நிற்க மிஞ்சும் இடம் பாதிகூட இல்லை. வண்டல் படிந்து இடுக்குகள் அடைத்த பிறகு அந்தக் கொஞ்ச இடமும் போகும். அள்ளிக் கழுவிப் போட யாருக்கும் மனம் வருவதில்லை. என் பரிந்துரை, உள்ளே எதுவும் நிரப்பாத உறைக் கிணறு. மூன்றடி விட்டம், பத்தடி ஆழம் என்றால் அது ஏறத்தாழ 2,000 லிட்டர் பிடிக்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் 2 சென்டிமீட்டர் மழை பெய்தால் வரும் நீர் அவ்வளவுதான். கீழே ஆள் இறங்கித் தூர் வாரவும் முடியும். நீர் முதலில் வண்டல் சேம்பரில் விழுந்து பிறகே கிணற்றுக்குள் போகட்டும். மேலே கான்கிரீட் மூடி கட்டாயம், குழந்தைகள் நகர்த்த முடியாததாக. தூர் வார இறங்குகிறவர் ஒருபோதும் தனியாக இறங்கக் கூடாது. மூடிக்கிடந்த கிணற்றில் மூச்சுக்கான காற்று குறைந்திருக்கலாம். சில மணி நேரம் திறந்து வைத்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நின்ற பிறகே இறங்க வேண்டும்.

கிணறு வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். செப்டிக் டேங்கிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, அதைவிட மேட்டுப் பக்கமாக. மாடி நீரை வண்டல் நீக்கித் திறந்த கிணற்றில் விடலாம். வண்டி கழுவிய எண்ணெயும் சோப்பும் கலந்த முற்றத்து நீரை எந்தக் கிணற்றிலும், முக்கியமாக ஆழ்துளைக் கிணற்றில், நேரடியாக விடாதீர்கள்.

குழி வெட்ட இடமோ பணமோ இல்லாதவர்கள் ஒரு பள்ளப் பாத்தி போடலாம். அரை அடி முதல் முக்கால் அடி ஆழம், முடிந்தவரை அகலம், வீட்டிலிருந்து தள்ளி, நீர் இயல்பாகவே வந்து சேரும் இடத்தில். கல்வாழை, சேம்பு, வெட்டிவேர் அங்கே செழிக்கும். பப்பாளியையும் முருங்கையையும் வைக்காதீர்கள், வேர் நீரில் நின்றால் பப்பாளி ஓரிரு நாளிலேயே வாடிவிடும். வாழைக்கு நீர் பிடிக்கும், தேங்கிய நீர் பிடிக்காது. ஆகவே பாத்தியின் கரையில் வையுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். பாத்தியில் விழுந்த நீர் இரண்டு நாளில் வடிந்துவிட்டால் பயமில்லை.

கலிங்கு

2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். முதல் கணக்கிலேயே ஒரு கிரவுண்டு மனையில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. எந்த உறைக் கிணறும் இதைக் குடிக்காது. ஆகவே ஒவ்வொரு குழிக்கும், சேம்பருக்கும், பாத்திக்கும் நிரம்பிய பின் நீர் போகும் வழி ஒன்றை முன்கூட்டியே அமையுங்கள். அது வீட்டு வாசற்படியைவிடத் தாழ்ந்த மட்டத்தில் இருக்க வேண்டும், தரைமேலேயே ஓடும் திறந்த வழியாக இருந்தால் உத்தமம். மண்ணுக்கடியில் ஓடும் குழாய் அடைத்தது மழை நடுவில்தான் தெரியும். திறந்த வாய்க்கால் அடைத்தால் மண்வெட்டியால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும்.

மிஞ்சிய நீர் போக வேண்டிய இடம் தெருவின் மழைநீர் வடிகால். பாதாளச் சாக்கடைக் குழாயில் அதை ஒருபோதும் சேர்க்காதீர்கள். எல்லா வீடுகளும் அப்படிச் சேர்த்தால் சாக்கடை நிரம்பி, தெருவில் தாழ்ந்த வீட்டின் கழிவறை வழியாகப் பொங்கும். அந்தத் தாழ்ந்த வீடு உங்களுடையதானால், வீட்டிலிருந்து சாக்கடைக்குப் போகும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டுவிடுங்கள். சம்ப்பின் வாயும் தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்ந்து, மூடி இறுக்கமாக இருக்கட்டும். வெள்ளத்தில் பலர் குடிநீரை இழப்பது சம்ப்புக்குள் தெருநீர் புகுவதால்தான்.

பக்கத்து மனை தாழ்வாக இருந்தால் மழைநீர் இயல்பாக அந்தப் பக்கம் ஓடுவதை 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டம் ஏற்கிறது. அந்த உரிமை, வாய்க்காலில் சேராமல் தானாக ஓடும் நீருக்கு மட்டுமே. மாடி நீர் முழுவதையும் குழாயில் திரட்டி அவர் சுவரடியில் கொட்டுவது அதில் அடங்காது. சட்டத்தை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் அவரையும் மழையில் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள். இரண்டு மனைக்கும் பொதுவாக ஓர் ஓர வாய்க்கால் வெட்டுவது பெரும்பாலும் இருவருக்கும் மலிவு.

சாலை உயர உயர வீடு தாழ்ந்துபோவது நம் நகரங்களின் பெரிய வேதனை. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும் அன்றே வெளியே போய் இதைக் கேளுங்கள். ஏற்கெனவே தாழ்ந்துவிட்ட வீட்டுக்கு, கேட் வாசலில் 4 அங்குல மேடும், அதற்கு உள்ளே குறுக்காக இரும்புக் கிராதி போட்ட வாய்க்காலும், அந்த நீர் சேரும் சிறு தொட்டியும், இறைத்து வெளியேற்ற ஒரு நீர்மூழ்கி மோட்டாரும் வேண்டியிருக்கும். பெருமழையில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதை மறக்காதீர்கள். மோட்டாரை மட்டும் நம்பிய வீடு அந்த நேரத்தில் கைவிடப்படும். சுவிட்ச் பெட்டி இடுப்புக்கு மேல் இருக்கட்டும், மின்கசிவைத் தடுக்கும் பிரேக்கர் இல்லாமல் வெளி மோட்டாரைத் தொட வேண்டாம்.

புரட்டாசிக்குள்

தமிழகக் கடலோரத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். தரை, கிணறு வேலைகளை ஆடிக்குள் முடித்தால் ஆவணி மாலைகளின் இடிமழை உங்களுக்கு ஒத்திகையாக அமையும். கன்னியாகுமரி, நீலகிரி போன்ற தென்மேற்குப் பருவமழை இடங்களில் சித்திரையே கடைசி. வெளியேறும் குழாய் முனைகளில் கம்பி வலை கட்டுங்கள், காய்ந்த குழாய்க்குள் பாம்பு குடியேறும்.

கடைசியாக ஒரு சோதனை. மழையில்லாத ஒரு நாளில் மாடியின் ஒவ்வொரு குழாய் வாயிலும் நாலைந்து வாளி நீரை வேகமாகக் கொட்டச் சொல்லிவிட்டு, கீழே எல்லாச் சேம்பர் மூடிகளையும் திறந்து பாருங்கள். நீர் வந்த வேகத்திலேயே கடந்து போனால் சரி. ஒரு சேம்பரில் நீர் ஏறி நின்று, அடுத்ததற்கு வந்து சேரவில்லை என்றால், அடைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மேல் சேம்பரிலிருந்து மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தாமல், கீழ்ச் சேம்பரிலிருந்து மேல்நோக்கிக் குத்துங்கள். அடைத்த மண் அடுத்த குழாய்க்குள் போகாமல் உங்கள் கைக்கே வரும்.